போட்டோவை அழித்துவிட்டேன், போதாதா?

கேள்வி: அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் கோடிங், அதாவது நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலை, செய்துகொடுக்கும் கம்பெனியில் இருக்கிறேன். மூன்று வருடமாக வீட்டிலிருந்தே பார்க்கிறேன். போன வாரம் ஒரு பேஷண்டின் சார்ட்டில் (சிகிச்சைப் பதிவில்) சந்தேகம் வந்தது. டீம் லீட் லைனில் இல்லை, டார்கெட் வேறு பாக்கி. மானிட்டரை செல்போனில் படம் எடுத்து, பழைய பேட்ச் தோழிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக் கேட்டேன். பேஷண்ட் பெயர் மேல் விரலை வைத்து மறைத்துத்தான் எடுத்தேன். அப்புறம் பயம் வந்து அழித்துவிட்டேன். ஆபீசில் சொன்னால் வேலை போய்விடுமோ?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நீங்களாகப் போய்ச் சொல்வதும், குரூப்பிலிருந்து யாராவது சொல்லி ஆபீசில் உங்களைக் கூப்பிடுவதும் ஒன்றல்ல.

பெயரை மறைத்தால் போதாது. நோயாளிகளின் மருத்துவத் தகவலைப் பாதுகாக்கும் அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு ஹிப்பா (HIPAA) சட்டத்தின் கீழ் வந்த விதிகள், நோயாளியை அடையாளம் காட்டிவிடும் என்று 18 வகைத் தகவல்களைக் கணக்கெடுத்திருக்கின்றன. பெயர் அவற்றில் ஒன்றுதான். மெடிக்கல் ரெக்கார்டு நம்பர், பிறந்த தேதி, அட்மிட் ஆன தேதி எல்லாமே அதில் வரும். உங்கள் விரலுக்குப் பக்கத்திலேயே அந்த நம்பரும் தேதியும் பளிச்சென்று தெரிந்திருக்குமே?

குரூப்பில் அழித்ததும் போதாது. பலருடைய போனில் வாட்ஸ்அப் படம் வந்தவுடன் தானாகவே கேலரியில் இறங்கிவிடும். உங்கள் போனிலும் கூகுள் போட்டோஸில் ஒரு பிரதி ஏறியிருக்கலாம். அதற்காக இப்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். படத்தில் என்ன இருந்தது, யார் யார் பார்த்தார்கள், திரும்பப் பெற முடிந்ததா என்பதையெல்லாம் வைத்துத்தான் பாதிப்பு எவ்வளவு என்று கம்பெனி கணக்கிடும். தகவல் கசிந்தது தெரிந்தால் தாமதிக்காமல், அதிகபட்சம் 60 நாட்களுக்குள், மருத்துவமனைக்குச் சொல்லவேண்டிய கடமையும் அவர்களுக்கு இருக்கிறது.

அந்தச் சார்ட்டுக்குச் சொந்தக்காரரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லாததை அவர் டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். அது கோடிங்குக்காக உங்கள் கண்ணுக்கு வந்தது, அவ்வளவுதான்.

வீட்டு விஷயமும் சொல்லிவிடுகிறேன். மேசையைத் திருப்பிப் போட்டு, உங்கள் முதுகு சுவரைப் பார்க்கும்படி உட்காருங்கள்; பின்னால் யாரும் வந்து நிற்க முடியாது. குக்கர் விசிலுக்கு எழுந்தாலும் விண்டோஸ் பட்டனையும் L பட்டனையும் சேர்த்து அழுத்தி லாக் செய்துவிட்டுப் போங்கள். சார்ட் நம்பரை நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய பேப்பரோடு கடைக்குப் போய்விடும். செல்போன் ஷிப்ட் முடியும்வரை வேறு அறையில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் கம்பெனி சாட்டில் கேளுங்கள், பதில் வரும்வரை அந்தச் சார்ட்டை ஹோல்டில் போடுங்கள். டார்கெட் ஒன்று குறைந்தால் குறையட்டும்.

சரி, கம்பெனியில் விதிமுறைகளைக் கவனிக்கும் காம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு மெயில் எழுதுவீர்கள் அல்லவா? நடந்ததை மட்டும் எழுதுங்கள். அந்தப் படத்தை அதோடு இணைத்து அனுப்பிவிடாதீர்கள்.