ட-வும் ப-வும் மாறிப்போகும் பிள்ளைக்கு மொன்டிசோரி வகுப்பில் என்ன செய்யலாம்?

யாழ்ப்பாணத்தில் மொன்டிசோரிக்குப் போகும் நாலரை வயது மகன் ட, ப இரண்டையும் மாற்றிச் சொல்கிறான், இது கற்றல் குறைபாடா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் பல பிள்ளைகளுக்கும் வருவதுதான்; பெயர் சூட்ட அவசரப்பட வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள்.

இந்த முறையை உருவாக்கிய மரியா மொன்டிசோரி 1907-இல் ரோமில் பள்ளி தொடங்கு முன்பே, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடுதான் வேலை செய்தார். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் அங்கிருந்து வளர்ந்தவை. ஏடு தொடக்கும்போது அரிசியில் விரல் பிடித்து எழுதுவிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே யோசனை.

ரீச்சரிடம் இதைக் கேளுங்கள்: ட-வையும் ப-வையும் ஒரே நாளில் காட்ட வேண்டாம். ப-வோடு க போல வடிவில் தூரமான எழுத்தை வைக்கட்டும். பிள்ளை அந்தச் சொரசொரப்பு எழுத்தை இரண்டு விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லட்டும். ரீச்சர் படிப்படியாகச் சொல்லட்டும்: "இது ப", "ப எது, காட்டு", கடைசியில்தான் "இது என்ன?" அந்தக் கடைசிக் கேள்வியில் தடுமாறினால் திருத்தாமல், இன்னொரு நாள் முதலிலிருந்து தொடங்கலாம்.

ஒரு கவனம். மொன்டிசோரி வகுப்பில் விரும்பியதை எடுக்கும் சுதந்திரம் இருப்பதால், கஷ்டப்படும் பிள்ளை எழுத்துத் தட்டுப் பக்கமே போகாமல் இருந்துவிடலாம். ரீச்சர்தான் மெல்ல அழைக்க வேண்டும். ஏழு வயதிலும் குழப்பம் தொடர்ந்தால் குழந்தை நல வைத்தியரிடம் காட்டுங்கள்; பேச்சும் பிந்துகிறதென்றால் இப்போதே.