நட் சுழன்றதா என்று பார்க்க நட்டில் போட்ட பெயின்ட் கோடு நகரவே இல்லை, ஆனால் போல்ட்டின் டென்ஷன் குறைந்துவிட்டது. எப்படி?

நட் இம்மியும் சுழலாமலேயே டென்ஷன், அதாவது நீண்ட போல்ட் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் இழுவிசை, குறையும். உங்களுடையது மெல்லிய பிளேட்டுகள், மேலே தடித்த பெயின்ட் உள்ள இணைப்பாக இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

எம்20 (20 மி.மீ. விட்டம்), 8.8 வலிமைக் கிரேடு போல்ட்டின் முழு டென்ஷன் சுமார் 137 கிலோநியூட்டன். பிளேட்டுகளின் மொத்தத் தடிமன் 40 மி.மீ. என்றால், அந்த விசையில் போல்ட் நீள்வது ஏறக்குறைய 0.1 மி.மீ. மட்டுமே. இறுக்கம் முழுவதும் அந்த நீட்சியில்தான் இருக்கிறது. வாஷருக்கு அடியிலும் பிளேட்டுகளுக்கு நடுவிலும் உள்ள பெயின்ட், பிசிறு, சொரசொரப்பு எல்லாம் சேர்ந்து 0.02 மி.மீ. அமுங்கினால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. அதே அமுக்கம் 100 மி.மீ. தடிமனில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தின்னாது. (பிளேட்டின் நெகிழ்வையும் சேர்த்தால் இழப்பு சற்றுக் குறையும். கணக்கில் குறை சொல்ல வருபவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன்.) இந்த இழப்பில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். தடித்த பெயின்ட் இருந்தால் மட்டும் வாரக்கணக்கில் இழுக்கும்.

"ஸ்பிரிங் வாஷர் போடுங்கள்" என்று யாராவது வந்து சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். இவ்வளவு விசையில் அது முழுக்கத் தட்டையாகிவிடும், அதன் பிறகு அதில் ஸ்பிரிங்கே இல்லை. டார்க் ரெஞ்ச் (குறித்த திருப்புவிசையை எட்டியதும் சத்தமிடும் ஸ்பேனர்) தரும் 'கிளிக்' சத்தத்தை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடுவதும் எனக்கு ஆற்றாமைதான். அதே 137 கிலோநியூட்டனுக்கு, நன்றாக எண்ணெயிட்ட நட்டுக்கு 330 நியூட்டன்மீட்டர் போதும். காய்ந்த நட்டுக்கு 550 வரை ஆகலாம். துருப்பிடித்த நட்டில் கிளிக் வந்தால் உராய்வு அதிகம் என்றுதான் அர்த்தம், டென்ஷன் இருக்கிறது என்று அல்ல.

செய்ய வேண்டியது: சேரும் முகங்களிலும் வாஷர் உட்காரும் இடத்திலும் தடித்த பெயின்ட்டை எடுங்கள், துளை விளிம்புப் பிசிறைத் தேயுங்கள். திருப்பும் பக்கம் கடினப்படுத்திய தட்டை வாஷர் போடுங்கள். இணைப்பின் விறைப்பான நடுப்பகுதியில் தொடங்கி விளிம்பு நோக்கி எல்லா போல்ட்டையும் முதலில் பிடிப்பாக இறுக்குங்கள். திரும்ப ஒரு சுற்று வாருங்கள். பக்கத்து போல்ட்டை இறுக்கும்போது பிளேட் நெருங்கி முந்தையது தளர்ந்திருக்கும். இடைவெளி முழுக்க மூடிய பிறகுதான் கோடு போட வேண்டும். அங்கிருந்து நட்டை, போல்ட் நீளம் விட்டத்தைப்போல் 4 மடங்கு வரை என்றால் மூன்றில் ஒரு சுற்று, 8 மடங்கு வரை அரைச் சுற்று திருப்புங்கள்.

கோடே நகர்ந்திருந்தால் காரணம் வேறு: பிளேட்டுகள் குறுக்காக வழுக்கி ஆடுகின்றன. அங்கே நட்டை மறுபடி இறுக்குவதால் பயனில்லை, வழுக்கலை நிறுத்த வேண்டும்.