அடப்பங்கொடி தெரிந்தவர்க்குக் குறுந்தொகை தூரமில்லை

வாசகர் கேள்வி – பதில்

கல்லூரி நாளில் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தவள் நான். திருமணம், பிள்ளைகள், பிறகு செல்போன் என்று இருபது வருடம் ஓடிவிட்டது. இப்போது நாவலை எடுத்தால் மூன்றாம் பக்கத்திலேயே மனம் வேறெங்கோ போய்விடுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, கீழக்கரை

நாவல் இப்போதைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும். நாவல் படிக்கிறவர் பாத்திரங்களின் பெயர், உறவு, நேற்று விட்ட இடம் எல்லாவற்றையும் நினைவில் சுமக்க வேண்டும். பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு அந்தச் சுமைதான் முதலில் கனக்கும். கவிதை ஒரே பக்கத்தில் தொடங்கி முடிந்துவிடும். அதனால் கவிதையிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் ஊர் நூலகத்தில் நூறு பக்கத்துக்குள் அடங்கும் ஒரு தற்காலக் கவிதைத் தொகுப்பை எடுங்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடம், மூன்று கவிதை போதும். ஆர்வத்தில் ஒரே மூச்சாக முப்பது படித்தால் ஒன்றோடொன்று கலந்து எதுவும் தங்காது. கவிதைப் புத்தகத்தைப் பாதியில் மூடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மூடுகிறார்கள். முதல் முறை வாய்விட்டுப் படியுங்கள், வரி முடியும் இடத்தில் சற்றே நிறுத்தி. இரண்டாம் முறை மௌனமாக. பிடித்துப்போன ஒன்றை நோட்டில் கையால் எழுதிப் பாருங்கள். கவிஞர் அந்த வரியை ஏன் அங்கே உடைத்தார் என்பது எழுதும்போதுதான் பிடிபடும். பிடிக்காததைத் தயங்காமல் தாண்டிப் போகலாம். செல்போன் வேறு அறையில் இருக்க வேண்டும்; பக்கத்தில் கவிழ்த்து வைத்தாலும் கை அதைத் தேடிப் போகும்.

ஒரு மாதம் இப்படிப் போனால் எட்டு, பத்துப் பக்கச் சிறுகதை. அதன்பிறகு குறுநாவல். நாவல் கடைசியில்தான்.

விசைப்படகில் தொழில். மீன்பிடித் தடைக்காலத்தில் வலை வேலை, படகு மராமத்து போக நேரம் மிஞ்சுகிறது. சங்கப் பாட்டுப் படிக்க ஆசை. ஆனால் இரண்டு வரிகூடப் புரியவில்லையே?
– வாசகர், மண்டபம்

உங்களுக்கு அமைந்த கால அளவு அருமையானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஐங்குறுநூற்றில் 101 முதல் 200 வரை அம்மூவனார் பாடிய நெய்தல் பாட்டுகள். மூன்றடிக்குக் குறையாது, ஆறடிக்கு மேல் போகாது. 129, 130 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. எஞ்சிய 98 பாட்டை நாளுக்கு இரண்டாகப் படித்தால் 49 நாளில் முடியும். பத்துப் பத்தாகப் பிரித்திருப்பதால் ‘சிறுவெண்காக்கைப் பத்து’ போன்றவற்றில் தொடக்க அடி திரும்பத் திரும்ப வரும். மூன்றாம் பாட்டுக்குள் அது மனப்பாடமாகிவிடும். (‘தொண்டிப் பத்து’ நம் இராமநாதபுரம் மாவட்டத் தொண்டியைப் பற்றியது என்று நினைத்துவிட வேண்டாம். அதைச் சேரநாட்டு மேல்கரைத் துறைமுகம் என்றே பெரும்பாலும் கொள்கிறார்கள்.)

புரியாமல் போவதற்கு முதல் காரணம், மேலிருந்து கீழாக வார்த்தை வார்த்தையாகப் பொருள் தேடுவது. சங்கப் பாட்டில் சொல்லவந்த சேதி பெரும்பாலும் கடைசி அடிகளில் இருக்கும். அதற்குமுன் வருவது நிலத்தின் வருணனை. குறுந்தொகை 243-ஐப் பாருங்கள். நம்பி குட்டுவன் பாடியது:

மான்அடி அன்ன கவட்டிலை அடும்பின்
தார்மணி அன்ன ஒண்பூக் கொழுதி
ஒண்தொடி மகளிர் வண்டல் அயரும்
புள்இமிழ் பெருங்கடற் சேர்ப்பனை
உள்ளேன் தோழி படீஇயர்என் கண்ணே

கடைசி அடியை முதலில் எடுங்கள். “அவனை நினைக்க மாட்டேன் தோழி, என் கண்கள் தூங்கட்டும்.” சேதி இவ்வளவுதான். யாரை நினைக்க மாட்டாள்? நான்காம் அடியில் இருக்கிற சேர்ப்பனை, அதாவது கடற்கரைத் தலைவனை. அவன் கடல் எப்படிப்பட்டது? பறவைகள் ஒலிக்கும் பெருங்கடல். அதன் கரையில் பெண்கள் அடும்பம்பூவைக் கோதியெடுத்து, மணலில் வண்டல் விளையாடுகிறார்கள். அந்த அடும்பு வேறொன்றுமில்லை, மண்டபம் மணலில் நீங்கள் மிதித்து நடக்கிற அடப்பங்கொடிதான். ஓர் இலையைப் பறித்து விரித்துப் பாருங்கள்: நுனி இரண்டாகப் பிளந்து மான் குளம்புபோலவே இருக்கும். பூவைக் கவிழ்த்துப் பிடித்தால் மாலையில் கோத்த மணி. உரையாசிரியர் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியது உங்கள் காலடியிலேயே கிடக்கிறது.

இப்போது மேலிருந்து கீழாக ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். நினைக்க மாட்டேன் என்கிறவள் நான்கு அடி முழுக்க அவன் கரையைத்தான் நினைக்கிறாள் என்பது தானாகத் தெரியும். உரையை அதற்குப் பிறகு திறந்தால் போதும். முதலிலேயே திறந்தால் உரைதான் மனதில் நிற்கும், பாட்டு நிற்காது.

புத்தகம் வாங்கும்போது சந்தி பிரித்து, அதாவது சேர்ந்த சொற்களைத் தனித்தனியாக்கி அச்சிட்ட பதிப்பா என்று புரட்டிப் பாருங்கள். மூலம் மட்டும் போதுமென்றால் தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பு இலவசம். அகநானூற்றில் மட்டும் தொடங்காதீர்கள். 13 முதல் 31 அடி வரை நீளும் பாட்டுகள் அவை, நுழைந்தவுடன் திணறவைக்கும்.

நம் கரையைச் சங்கப் பாட்டில் பார்க்க முடியுமா?
– வாசகர், இராமேஸ்வரம்

முடியும். அகநானூறு 70, மதுரைத் தமிழ்க்கூத்தன் கடுவன் மள்ளனார் பாடியது. பாண்டியரின் ‘தொன்முது கோடி’ என்று அதில் வருவதைத் தனுஷ்கோடி என்று உரைகாரர்கள் கொள்கிறார்கள். அங்கே ஆலமரத்தடியில் இராமன் ஆலோசனை செய்தபோது பறவைகளின் ஆரவாரம் அடங்கியதுபோல, திருமணம் உறுதியானதும் ஊரார் வம்பும் அடங்கிற்று என்கிறது பாட்டு. வேட்டை வாய்த்த பரதவர் கொழுத்த அயிலை மீனைப் பங்கிடுவதில்தான் பாட்டே தொடங்குகிறது. குறுந்தொகையில் ஒரு முப்பது பாட்டுப் பழகியபின் இதற்கு வாருங்கள்.

பழைய கவிதைப் புத்தகங்களை மீண்டும் எடுத்தேன். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாள் கிழிகிறது, பூச்சியும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தொண்டி

உப்புக்காற்றில் முதலில் போவது பின்தான். மெல்லிய கவிதை நூல்கள் பெரும்பாலும் பின் அடித்தவை. நடுப்பக்கத்தை விரித்து, பின்னின் கால்களைத் தட்டைக் கத்தியால் நிமிர்த்தி மெதுவாக எடுங்கள். இழுத்தால் துரு படிந்த தாளும் சேர்ந்து வந்துவிடும். அதே துளைகளில் பருத்தி நூல் கோத்து முடிச்சிட்டால் போதும். செல்லோடேப் ஒட்டவே கூடாது. நாளானால் பசை பழுத்துத் தாளில் ஊறிவிடும்.

இராமபாணப் பூச்சி இருந்தால் புத்தகத்தை பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒருநாள் விடுங்கள், உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் ஈரம் கோத்துக்கொள்ளும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி நிற்கட்டும். ஈரப்பட்ட புத்தகத்தை வெயிலில் போடாமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வேப்பிலை வைப்பதானால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்தது வேண்டும். பச்சை இலை தாளில் கறை பிடித்துவிடும்.