வீட்டுக்காரர் யாரென்றே தெரியவில்லை, கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வேலை மாறி நியூயார்க் வந்திருக்கிறேன். குயின்ஸில் நாற்பது வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் வீடு பார்த்தேன், பிடித்துவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் கண்ணிலேயே படவில்லை, எல்லாம் புரோக்கர்தான். ஒப்பந்தத்தில் உரிமையாளர் இடத்தில் ஒரு எல்.எல்.சி. கம்பெனியின் பெயர் இருக்கிறது. இரண்டு மாத வாடகை முன்பணம் கேட்கிறார்கள். இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: முதலில் அந்த முன்பணத்தைப் பார்ப்போம். 2019-இல் வந்த மாநிலச் சட்டப்படி, சாதாரண வாடகை வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இரண்டு மாதம் கேட்கிறார்கள் என்பதே அவர்களைப் பற்றி உங்களுக்குக் கிடைத்த முதல் தகவல்.

எல்.எல்.சி. என்றதும் மிரள வேண்டாம். கட்டடத்துக்கு ஒரு கம்பெனி வைத்துக்கொள்வது இங்கே சர்வசாதாரணம். அதன் பின்னால் இருக்கும் ஆளைத்தான் பிடிக்க வேண்டும். மூன்று அல்லது அதற்கு மேல் வீடுகள் உள்ள கட்டடத்தை நகரின் வீட்டுவசதித் துறையான ஹெச்.பி.டி.யில் ஆண்டுதோறும் பதிவு செய்தாக வேண்டும். அவர்கள் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் கம்பெனி அதிகாரியின் பெயரும் நிர்வாகியின் பெயரும் வரும். அப்புறம் ஏக்ரிஸ் என்ற பத்திரப் பதிவுத் தளத்துக்குப் போய் அதே கட்டடத்தின் அடமானப் பத்திரத்தைத் திறந்து, கம்பெனிக்காகக் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் வந்தால் ஆள் கிடைத்துவிட்டார். அவருக்கு வேறு கட்டடங்கள் இருந்தால் அவற்றின் முகவரிகளையும் தேடிவிடுங்கள். ஒரு கட்டடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்து ஏமாந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

ஹெச்.பி.டி. பக்கத்தில் விதிமீறல்கள் ஏ, பி, சி என்று பிரிக்கப்பட்டிருக்கும். சி என்றால் உடனடி ஆபத்து. குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாதது, சுடுதண்ணீர் வராதது எல்லாம் இதில் சேரும். எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். நாற்பது வீடுகள் உள்ள பழைய கட்டடத்தில் பத்துப் பதினைந்து விதிமீறல்கள் இருப்பது பெரிய விஷயமில்லை. ஒவ்வொன்றும் எப்போது பதிவானது, சரிசெய்யப்பட்டதா, இன்னும் தீராமல் கிடக்கிறதா என்று பாருங்கள். போன ஜனவரியில் ஹீட்டர் புகார், அதற்கு முந்தைய ஜனவரியிலும் அதே புகார் என்றால் அந்தக் கட்டடத்தைவிட்டு நகர்ந்துவிடுவதே நல்லது. துறையே உரிமையாளர்மீது வழக்குப் போட்டிருந்தாலும் அங்கேயே தெரியும்.

மூட்டைப்பூச்சியையும் மறக்காதீர்கள். முந்தைய ஓராண்டு விவரத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுப்பது உரிமையாளரின் கடமை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏட்டில் வராதது குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு மாலை வாசலில் நின்று இரண்டு பேரிடமாவது பேசுங்கள். "வீட்டுக்காரர் எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "ஹீட்டர் நின்றால் எத்தனை நாளில் ஆள் வருவார்?" என்று கேளுங்கள்.

இதற்கெல்லாம் இரண்டு மணி நேரம் போதும். "நாளைக்கே வேறு ஆள் வந்துவிடுவார்" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். விண்ணப்பத்துக்கும் பின்னணிச் சரிபார்ப்புக்கும் 20 டாலருக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். முன்பணம் ஒரு மாதம்தான் என்று ஒப்பந்தத்தைத் திருத்திக் கொடுத்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.