சரக்குக் கலம்: முடுக்கினால் பின்தங்கும்

கேள்வி (பாயான் லெப்பாஸ், பினாங்கு): அண்ணே, விண்வெளி நிலையம் முன்னால ஓடுது, ஆளில்லாச் சரக்குக் கலம் பின்னால வருது. எஞ்சினை முடுக்கினா பிடிச்சிடலாமே? ஏன் ரெண்டு நாள் ஆகுது?

பதில்: முடுக்கினால் பின்தங்கித்தான் போகும், தம்பி. வேகம் கூட்டினால் பாதை உயரும். உயரமான பாதையைச் சுற்றிவர நேரம் கூடும். பிடிக்க வேண்டுமானால் கீழே ஓட வேண்டும். 400 கிலோமீட்டரில் ஒரு சுற்றுக்குச் சுமார் 92½ நிமிடம், 300 கிலோமீட்டரில் 90½. சுற்றுக்கு 2 நிமிடம் மிச்சம், அதாவது 900 கிலோமீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அதற்கேற்ற சுற்றுகளைக் கீழேயே ஓடிவிட்டு, நெருங்கியதும் மேலே ஏறும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): சீனாவோட தியான்சோ-5 சரக்குக் கலம் ரெண்டு மணி நேரத்தில ஒட்டிக்கிச்சே! உங்க கணக்கு என்னாச்சு?

பதில்: 2022 நவம்பர் 12, ஏவியதிலிருந்து 2 மணி 7 நிமிடம். கணக்கு அதேதான், துரத்த வேண்டிய இடைவெளிதான் சிறியது. ஏவும் வேளையில் நிலையம் எங்கே இருக்க வேண்டும் என்று முன்பே அதன் பாதையைச் சரிசெய்துகொள்கிறார்கள். நாள் தள்ளினால் அந்த அமைப்பு கலையும். 2018 பிப்ரவரியில் ரஷ்யாவின் புரோகிரஸ் எம்எஸ்-08 சரக்குக் கலத்தின் ஏவல் 2 நாள் தள்ளிப்போனது. சில மணி நேரத்தில் சேரும் குறுக்கு வழியை விட்டு 2 நாள் வழியில்தான் போய்ச் சேர்ந்தது. ஜூலையில் எம்எஸ்-09 குறுக்கு வழியில் 3 மணி 40 நிமிடத்தில் போனது.

கேள்வி (அதே பிரிக்பீல்ட்ஸ்): அப்போ 2 நாள் வழி வீண்தானே?

பதில்: தண்ணீரும் எரிபொருளும் 2 நாளில் கெட்டுவிடாது. உள்ளே உட்கார்ந்து நொந்துகொள்ளவும் ஆளில்லை. விடுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில எப்படி மோதாம ஒட்டுது?

பதில்: எப்போதும் சொல்வதுதான்: அந்த எண்ணை மறந்துவிட்டு, ஒப்பு வேகத்தை, அதாவது இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசத்தைப் பாருங்கள். புரோகிரஸின் முனைக்கம்பி நிலையத்தின் கூம்புக்குள் நுழையும்போது அது வினாடிக்குச் சில பத்து சென்டிமீட்டருக்குள்தான். முனை பூட்டிக்கொண்டதும் கம்பி உள்ளிழுக்கப்படும், கொக்கிகள் இறுக்கும், பிறகு காற்றுக் கசிவுச் சோதனை. அது முடியாமல் கதவைத் திறக்க மாட்டார்கள்.

ஒப்பு வேகம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1997 ஜூன் 25. ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் புரோகிரஸ் எம்-34ஐக் கையால் ஓட்டும் சோதனை. தானியங்கி ரேடார் அணைக்கப்பட்டிருந்தது. தூரமும் வேகமும் சரியாகத் தெரிய வழியில்லை. கலத்தின் கேமராவில் மேகப் பின்னணியில் நிலையம் சரியாகத் தெரியவில்லை. நிலையத்தின் ஸ்பெக்டர் என்ற பகுதியில் இடித்துத் துளை விழுந்தது. வாசலில் ஓடிய கேபிள்களை அவிழ்த்தும் வெட்டியும் எடுத்த பிறகே அந்தப் பகுதியை மூட முடிந்தது.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): 2022ல கூச்சிங் வானத்தில எரிஞ்சு விழுந்தது சரக்குக் கலமா?

பதில்: இல்லை. லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் நடுப்பகுதி, கட்டுப்பாடில்லாமல் விழுந்தது. தியான்சோவைத் தூக்குவது லாங் மார்ச் 7. தியான்சோ, புரோகிரஸ் போன்ற சரக்குக் கலங்களைக் குப்பையோடு கணக்குப் போட்டுத் தென் பசிபிக்கில்தான் இறக்குவார்கள்.

கேள்வி (ஜெலுத்தோங்): பினாங்கில தெரியுமா?

பதில்: நிலையம் தெரியும். சூரியன் மறைந்து ஓரிரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் விடியலுக்கு முன். கலம் ஒட்டவிருக்கும் நாளில் பக்கத்தில் மங்கலான புள்ளியாகத் தெரியலாம்.

கேள்வி (தஞ்சோங் தோக்கோங்): எங்க ஏரியாவில தெரியுமா?

பதில்: ஜெலுத்தோங்கும் தஞ்சோங் தோக்கோங்கும் ஒரே தீவுதானே! மேலே இருக்கிற பதில்தான்.