கிருஷ்ணகிரியில் வேடிக்கைக்காக நடுவர் வைத்து அல்டிமேட் ஃபிரிஸ்பீ போட்டி நடத்தலாமா?

தாராளமாக நடத்தலாம். ஆனால் டிஸ்க் என்ற பறக்கும் தட்டை எறிந்து பிடித்து இரு அணிகள் ஆடும் இந்த ஆட்டத்துக்கு, உலகப் போட்டியிலேயே தீர்ப்பு சொல்லும் நடுவர் கிடையாது. ஃபவுல் ஆனால் ஆடுபவரே சொல்வார். எதிராளி மறுத்தால் டிஸ்க் எறிந்தவரிடமே திரும்பும். அமெரிக்கத் தொழில்முறை லீக்கில்தான் நடுவர் உண்டு. நம் பிள்ளைகள் கபடி, கிரிக்கெட் பழக்கத்தில் நடுவர் முகத்தையே பார்ப்பார்கள். அதனால் முதல் பாதிக்கு மட்டும் விசில் வையுங்கள். மறுபாதியில் அவர்களே பேசித் தீர்க்கட்டும். அந்த வித்தியாசத்தை அவர்கள் உணர வேண்டும் என்பதே என் ஆசை.

அணிக்கு ஏழு பேர், 175 கிராம் டிஸ்க். முழு மைதானம் 100க்கு 37 மீட்டர். பள்ளி மைதானம் சிறியதென்றால் ஐந்து பேராகக் குறைக்கலாம். காற்று எழுவதற்குள், காலையிலேயே தொடங்குங்கள்.

மாம்பழப் பருவமாக இருந்தால், நேர்மையாக ஆடிய அணிக்கு ஒரு கூடை மாம்பழம் கொடுங்கள். கோப்பையைவிட அதுதான் முக்கியமான பரிசு.