மண்புழுத் தொட்டியில் உரம் எப்போது எடுக்கலாம்?

கேள்வி: தொட்டி வைத்து மூன்று மாதம் முடிந்துவிட்டது. மூன்று மாதத்தில் உரம் தயார் என்றுதான் சொன்னார்கள். எடுத்துவிடலாமா?

பதில்: காலண்டரைப் பார்த்து எடுக்காதீர்கள். 3 முதல் 6 மாதம் என்பது பொதுக் கணக்கு. எத்தனை புழு விட்டீர்கள், எவ்வளவு கழிவு போட்டீர்கள், வெப்பம் எப்படி என்பதைப் பொறுத்து அது முன்னே பின்னே ஆகும். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். காய்த்தோலா, காகிதமா என்று அடையாளமே தெரியாமல், காய்ச்சி வடித்த டீத்தூள்போல உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு இருக்க வேண்டும். புளித்த வாடையோ அமோனியா நெடியோ அடித்தால் இன்னும் வேலை பாக்கி.

ஆனால் இதைவிட நான் நம்புவது புழுக்களைத்தான். சாப்பாடு எங்கேயோ அங்கேதான் அவை இருக்கும். அடியில் நாலைந்து மட்டும் நெளிகின்றன, மீதியெல்லாம் மேலே புதுக் கழிவை மொய்க்கின்றன என்றால், கீழே தின்ன ஒன்றும் மிச்சமில்லை. அந்த அடுக்கை எடுத்துவிடலாம். அடியிலும் கொத்துக் கொத்தாக இருந்தால் மூடிவைத்து மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் கறுப்பாகிவிட்டது. ஆனால் முட்டை ஓடும் பழக்கொட்டையும் அப்படியே கிடக்கின்றன. காத்திருக்கவா?

பதில்: முட்டை ஓட்டுக்காகக் காத்திருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். சலித்து எடுங்கள், சல்லடையில் நிற்பதைத் திரும்பத் தொட்டியிலேயே போடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஈரம் கூடினால் பாதி மக்கியதும் கறுப்பாகத்தான் தெரியும். சந்தேகமாக இருந்தால் ஈரமான ஒரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, மூன்று நாள் கழித்துத் திறந்து முகர்ந்து பாருங்கள். மண் வாசனை என்றால் சரி. நாற்றமடித்தால் திரும்பத் தொட்டிக்கே.

கேள்வி: ஒன்றரை வருடமாக உரம் எடுக்கவே இல்லை. புழுக்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன, சில சுவரில் ஏறுகின்றன. நோயா?

பதில்: நோயில்லை, இடம் கெட்டுவிட்டது. அவசரப்பட்டு எடுப்பவர்களைவிட எடுக்க மறப்பவர்கள்தான் அதிகம். புழு தன் எச்சத்துக்குள்ளேயே நெடுநாள் கிடந்தால் இளைக்கும், முட்டையிடுவதும் குறையும், வழி கிடைத்தால் ஓடவும் பார்க்கும். நானே ஒரு தொட்டியை இப்படிக் கெடுத்திருக்கிறேன். மேலே போட்டுக்கொண்டே இருந்தேன். அடியில் நாலு விரல் கனத்துக்குக் களிபோல அப்பிக்கொண்டு, குச்சிகூட இறங்கவில்லை. பிய்த்தபோது சாக்கடை நாற்றம், ஒரு புழு இல்லை.

மொத்தமாகக் காலி செய்ய வேண்டாம். பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நனைத்துப் பிழிந்த அட்டை, காகிதத் துண்டுகளைப் போடுங்கள். அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்தால் போதும்.

கேள்வி: புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பொறுமை இல்லை. சுலபமான வழி?

பதில்: பொறுக்கவே வேண்டாம். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. நல்ல வெளிச்சமான நிழலில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, உரத்தைச் சின்னச் சின்னக் குவியலாகக் கூம்புபோல வையுங்கள். நேர் வெயில் கூடாது, புழு வெந்துவிடும். பத்து நிமிடத்தில் மேலே இருப்பவை உள்ளே இறங்கிவிடும். மேல்தோலைக் கையால் வழித்தெடுங்கள், மறுபடி காத்திருங்கள். நாலைந்து முறை வழித்தால் கடைசியில் அடியில் உருண்டையாகப் பின்னிக் கிடக்கும். அப்படியே அள்ளித் தொட்டியில் விடலாம்.

அதற்கும் சோம்பலா? உரத்தையெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் நனைத்த அட்டை, காகிதத்தால் புதுப் படுக்கை போட்டு, அங்கே மட்டும் கழிவு போடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலானவை இடம் மாறிவிடும். எனக்குப் பிடித்தது இதுதான்.

கேள்வி: உரத்தில் மஞ்சளாகச் சின்ன உருண்டைகள் இருக்கின்றன. ஏதாவது விதையா?

பதில்: எலுமிச்சை வடிவத்தில், நெல்மணியைவிடச் சிறிதாக இருந்தால் அவை புழுவின் முட்டைக்கூடுகள். பொரிக்கும் நேரம் நெருங்க நெருங்கச் செம்மையேறும். வீட்டுத் தொட்டிகளில் அதிகம் வளரும் ஐசீனியா ஃபெட்டிடா என்ற செம்புழுவின் ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சுகள் வரும். கண்ணில் பட்டதை எடுத்துத் தொட்டியில் போடுங்கள். தப்பியவை பூந்தொட்டிக்குப் போனால் நஷ்டமில்லை. கூடவே வெள்ளை நூல்போல நெளிபவை குஞ்சுகள் அல்ல, வேறு இனம். குஞ்சின் உடலில் சிவப்பு ரத்தக்கோடு தெரியும்.

கேள்வி: அடியில் வடியும் தண்ணீரும் உரம்தானே?

பதில்: இல்லை. அது பாதி மக்கிய கழிவின் ஊறல். உணவுச் செடிக்கு ஊற்றாதீர்கள். வடிகிறது என்றாலே ஈரம் அதிகம். காய்ந்த காகிதம் போடுங்கள்.

கேள்வி: எடுத்த உரத்தை வெயிலில் காயவைத்து மூடி வைக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முறுகக் காய்ந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்களில் பெரும்பகுதி செத்துவிடும்; காற்றுப் புகாமல் மூடினால் நாறும். பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிரும் பதத்தில், ஓட்டை போட்ட டப்பாவில் நிழலில் வையுங்கள். பூந்தொட்டி மண்ணில் பத்துக்கு ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு கலந்தால் போதும். தக்காளி விதைகள் தானாக முளைத்து வந்தால் பயப்படாதீர்கள். மண்புழுத் தொட்டி விதையைக் கொல்லும் அளவுக்குச் சூடேறாது. பிடுங்கிப் போடுங்கள், அல்லது வளர்த்துப் பாருங்கள்.